டென்ஷன் யாருக்கு? – ஸ்ட்ரெஸ் என்ற கருத்தின் கதை

போன மாதம் எங்கள் ஆபீசில் ஒரு மதியம் முழுக்க 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' வகுப்பு நடத்தினார்கள். அதற்கு முந்தைய ஆறு வாரமும் ஒரு பெரிய ரிலீஸ் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்து எழுப்பப்படாத ஆள் எங்கள் டீமில் ஒருத்தர்கூடக் கிடையாது. வகுப்பெடுக்க வந்தவர் நல்ல மனுஷர். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொன்னார். செய்தோம், நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து, கடந்த ஒரு வருஷத்தில் நடந்ததையெல்லாம் டிக் அடித்து மார்க் கூட்டச் சொன்னார். கணவனோ மனைவியோ இறந்திருந்தால் 100, விவாகரத்து 73, கல்யாணம் 50, விடுமுறைப் பயணம் 13, கிறிஸ்துமஸ் 12. வேலை நேரம் மாறியிருந்தால் 20.

"சார், தினமும் மாறுனா தினமும் இருபதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். எல்லாரும் சிரித்தோம். என் மொத்தம் 60-ஐத் தாண்டவில்லை. அந்தத் தாளின்படி நான் நிம்மதியான ஆள்.

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து தேடினேன். சியாட்டிலில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் 1967-ல் வெளியிட்ட 43 நிகழ்வுகளின் பட்டியல் அது. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழசு. அதில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் படிக்கப் போய், ஒரு மாதம் ஓடிவிட்டது. படித்ததில் பாதி எலி, குரங்கு, சிகரெட், ரயில் என்று எங்கெங்கோ போகிறது.

இந்த விஷயம் என்னை இப்படிக் குடைவதற்கு சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் பியூன். 1998-ல், நான் பி.ஈ. மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, மாரடைப்பில் போய்விட்டார். 51 வயது. துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஃபைல் தூக்குற வேலைதானே? டென்ஷனே கிடையாதே, இவருக்கு எப்படி ஹார்ட் அட்டாக்?" அவருடைய அதிகாரிக்கு வந்திருந்தால் ஒருத்தரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அப்பாவுக்கு பீடிப் பழக்கம் உண்டு, ஒரு நாளைக்கு ஒரு கட்டு. அம்மா சத்தம் போட்டால், "எல்லாம் டென்ஷனுக்குத்தான்" என்பார். டென்ஷனே இல்லாத வேலை, ஆனால் டென்ஷனுக்கு பீடி. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே ஆளைப் பற்றிச் சொல்லப்பட்டவை. அந்த இரண்டு பேச்சுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

முதலில் சொல். பிளஸ் ஒன் இயற்பியலைத் தமிழில் படித்தவர்களுக்கு 'தகைவு', 'திரிபு' ஞாபகம் இருக்கும். ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிடுகிறோம். அந்த விசையைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ். எடையினால் கம்பி எவ்வளவு நீண்டதோ, அதைப் பழைய நீளத்தால் வகுத்தால் திரிபு, அதாவது ஸ்ட்ரெய்ன். முதலாவது சுமையின் கணக்கு. இரண்டாவது, சுமை அந்தப் பொருளுக்குள் செய்த மாற்றத்தின் கணக்கு. மெக்கானிக்கல் மாணவன் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் முதல் செமஸ்டரிலேயே மார்க் போய்விடும்.

மருத்துவத்தில் அந்த மாறாட்டம் நடந்தது, அப்படியே நிலைத்தும் விட்டது.

வியன்னாவில் பிறந்து, பிராக் நகரில் மருத்துவம் படித்து, கனடாவின் மான்ட்ரியாலுக்கு வந்து சேர்ந்த ஹான்ஸ் செல்யே என்பவர் 1930-களின் நடுவில் ஒரு புதிய ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்தார். மாட்டின் சினைப்பையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். எலிகளை அறுத்துப் பார்த்தபோது மூன்று மாற்றங்கள் தெரிந்தன. அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது. நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. வயிற்றிலும் சிறுகுடல் ஆரம்பத்திலும் புண். ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். ஆனால் வேறு உறுப்புகளின் சாற்றைப் போட்டாலும் அதே மூன்று. கடைசியில் பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தார், அப்போதும் அதே மூன்று. புது ஹார்மோன் கதை அத்தோடு முடிந்தது.

நம்மில் பலர் அங்கேயே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்போம். செல்யே கேள்வியைத் திருப்பிப் போட்டார். எதைச் செய்தாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறதென்றால், அந்தப் பதில்தானே விஷயம்? எலிகளைக் குளிரில் வைத்தார், ஓட ஓட விரட்டினார், மார்ஃபின் கொடுத்தார். 1936 ஜூலை 4-ஆம் தேதி நேச்சர் இதழில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதமாக இதை எழுதினார். அந்தக் கடிதத்தில் ஸ்ட்ரெஸ் என்ற சொல்லே கிடையாது. பின்னால்தான் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார், 1950-ல் அதையே தலைப்பாக வைத்து ஒரு பெரிய புத்தகமும் போட்டார். அவர் சொல்ல வந்தது உடம்புக்குள் நடக்கும் மாற்றத்தை. எடுத்த சொல்லோ வெளியிலிருந்து வரும் சுமைக்கானது. தன் ஆங்கிலம் இன்னும் நன்றாக இருந்திருந்தால் 'ஸ்ட்ரெய்ன்' என்றுதான் வைத்திருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அதற்குள் சொல் உலகம் சுற்றிவிட்டது. பிரெஞ்சும் ஜெர்மனும் ஸ்ட்ரெஸ் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டன. நாம் 'மன அழுத்தம்' என்றோம். அதையே டிப்ரஷனுக்கும் சொல்லிக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். அது வேறு நோய், அதற்கு 'மனச்சோர்வு' என்ற சொல் இருக்கிறது. என்னைக் கேட்டால் பழைய 'உளைச்சல்' நல்ல சொல். கை கால் உளைச்சல், மன உளைச்சல் என்று உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

செல்யேவுக்கு முன்னோடி ஒருத்தர் உண்டு, ஹார்வர்டில் வால்டர் கேனன். எக்ஸ்ரே கண்டுபிடித்த புதிதில், பூனைக்கு பிஸ்மத் கலந்த சாப்பாடு கொடுத்து, வயிறு எப்படி அசைகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் வயிற்றின் அசைவு சட்டென்று நின்றுவிடும். தடவிக் கொடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். பயத்தில் சாப்பாடு இறங்காது என்று நம் வீடுகளில் சொல்வதை எக்ஸ்ரேயில் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் அவர். எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடம்பு தயாராகும் அந்த நிலையை அவர் 1915-ல் புத்தகமாக எழுதினார். ஆபத்து வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, செரிமானம் தள்ளிவைக்கப்படுகிறது. நாய் போனதும் பூனை பழையபடி ஆகிவிடுகிறது. போகவே போகாத நாய்தான் பிரச்சினை. செல்யேயின் கதை அந்த இடத்தில் ஆரம்பிக்கிறது.

இனி பீடிக்கு வருவோம்.

1950-களில் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு உறுதியாகிக்கொண்டே வந்தது. புகையிலை கம்பெனிகளுக்கு வேறு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. 1958-ல் செல்யே, தன் ஆய்வுக்கு நிதி கேட்டு ஒரு அமெரிக்க சிகரெட் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அப்போது கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே கம்பெனிகளின் வக்கீல்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1969-ல் கனடா நாடாளுமன்றக் குழு முன்னால் அவர் சாட்சி சொன்னார். சாட்சியின் சாரம் இதுதான்: ஸ்ட்ரெஸ் நிறைந்த வாழ்க்கையில் சிகரெட் சிலருக்கு ஒரு வடிகால், அதைப் பிடுங்கினால் வேறு கெடுதல் வரலாம். அமெரிக்கப் புகையிலைத் துறை அவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு நிதி கொடுத்தது. இதெல்லாம் வதந்தி இல்லை. அமெரிக்காவில் வழக்குகள் நடந்து, 1998-ல் கம்பெனிகள் மாநிலங்களோடு சமரசம் செய்துகொண்டபோது, உள் ஆவணங்களை வெளியிட ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான பக்கங்கள். அதைத் தோண்டிய மார்க் பெட்டிக்ரூ, கெல்லி லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-ல் செல்யே பற்றி எழுதினார்கள்.

செல்யே காசுக்குப் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய ஆய்வில் பெரும்பகுதி நேர்மையானது, இன்றும் நிற்கிறது. ஆனால் "டென்ஷனுக்கு ஒண்ணு" என்பது ஏதோ மனுஷன் தானாகச் சொல்லிக்கொண்ட சமாதானம் என்று நினைத்திருந்தேன். அந்தச் சமாதானத்தை நிலைநிறுத்த ஒரு முழுத் தொழிலே பணம் செலவழித்திருக்கிறது. உண்மையில் நிகோடின் குறையும்போது வரும் படபடப்பைத்தான் அடுத்த பீடி தணிக்கிறது. கடன் வாங்கி வட்டி கட்டுவது மாதிரி.

அடுத்தது, டென்ஷன் அதிகாரிக்குத்தான் என்ற நம்பிக்கை. இதற்கு ஒரு குரங்குக் கதை இருக்கிறது.

1958-ல் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையத்தில் ஜோசப் பிரேடி என்பவர் குரங்குகளை ஜோடி ஜோடியாக நாற்காலியில் கட்டிப்போட்டார். குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டுக்கும் மின்சார ஷாக் வரும். ஒரு குரங்கின் கையில் ஒரு நெம்புகோல். நேரத்துக்கு அதை அமுக்கினால் இரண்டுக்குமே ஷாக் வராது. இன்னொரு குரங்கு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நெம்புகோல் வைத்திருந்ததற்கு 'எக்ஸிக்யூட்டிவ்' குரங்கு என்று பெயர் வைத்தார்கள். நாலு ஜோடி, நாலிலும் எக்ஸிக்யூட்டிவ் குரங்குக்குத்தான் குடல்புண். சும்மா இருந்ததற்கு ஒன்றும் இல்லை. பத்திரிகைகளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. முடிவெடுக்கும் பொறுப்பு மனுஷனைத் தின்கிறது, பாவம் மேனேஜர்!

அடுத்த வருஷம், 1959-ல், சான் ஃபிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் 'டைப் ஏ' மனிதரைப் பற்றி எழுதினார்கள். எப்போதும் அவசரம், போட்டி, கோபம். இவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்றார்கள். ஃப்ரீட்மன் ஒரு சம்பவம் சொல்வார். அவர் கிளினிக்கின் நாற்காலிகளுக்கு உறை மாற்ற வந்தவர், நாற்காலிகளின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்து, இங்கே வருகிறவர்கள் என்ன ஆட்கள் என்று கேட்டாராம். நோயாளிகள் நுனியில்தான் உட்கார்வார்கள்போல. அழகான கதை. ஆனால் 1988-ல் அவர்கள் நடத்திய ஓர் ஆய்வில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஏற்கெனவே இதயநோய் வந்தவர்களில் டைப் ஏ ஆட்கள் இறப்பது குறைவாகவே இருந்தது. டைப் ஏ ஆய்வுகளுக்குப் பின்னாலும் புகையிலைப் பணம் நிறைய இருந்தது என்பது 2012-ல் வெளியானது. காரணம் புரிகிறது. மாரடைப்புக்குக் காரணம் உன் சுபாவம் என்றால், சிகரெட் தப்பித்துக்கொள்ளும்.

குரங்குக் கதையும் உடைந்தது. பிரேடி ஜோடிகளைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை. முன்னோட்டத்தில் எது வேகமாக நெம்புகோலை அமுக்கியதோ அதை எக்ஸிக்யூட்டிவ் ஆக்கினார். ஏற்கெனவே பதறுகிற குரங்கைப் பதவியில் உட்கார வைத்துவிட்டு, பதவிதான் பதற வைக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். சாம்பிளிங்கில் சறுக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் டீமில் புதுசாகச் சேர்கிறவர்களுக்கு நான் இனிமேல் இந்த உதாரணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

சில வருஷம் கழித்து ஜே வைஸ் என்பவர் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலையில் இதை ஒழுங்காகச் செய்தார். மூன்று எலிகள். ஒன்றுக்கு ஷாக் வரும், ஒரு சக்கரத்தைத் திருப்பினால் நிற்கும். இரண்டாவதற்கும் அதே நேரத்தில் அதே அளவு ஷாக், ஆனால் அதன் கையில் உள்ள சக்கரம் எதோடும் இணைக்கப்படவில்லை. மூன்றாவதற்கு ஷாக்கே இல்லை. முதல் இரண்டு எலிகளும் வாங்கிய மின்சாரம் ஒரு துளிகூட வித்தியாசம் கிடையாது. அதிகப் புண் யாருக்கு? இணைப்பில்லாத சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்த எலிக்கு. ஷாக்குக்கு முன்னால் ஒரு பீப் சத்தம் கொடுத்து எச்சரித்தால் புண் குறைந்தது. சுமை ஒன்றே. மாறியது இரண்டு விஷயம்தான்: என்ன வரப்போகிறது என்று தெரிகிறதா, வந்தால் ஏதாவது செய்ய முடியுமா.

இடையில் ஒரு சின்ன விலகல். புண், புண் என்று சொல்கிறோமே, மனிதர்களின் வயிற்றுப்புண்ணில் பெரும்பாலானவை ஒரு பாக்டீரியாவால் வருகின்றன. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 1980-களில் இதைக் காட்டினார்கள். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டவர். 2005-ல் நோபல். அதுவரை வயிற்றுப்புண் வந்தவர்களை "கவலைப்படாதீங்க" என்று சொல்லியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காரணம் தெரியாத எதையும் டென்ஷன் கணக்கில் எழுதினால் இப்படித்தான் ஆகும். இதை மனசில் வைத்துக்கொண்டே மிச்சத்தைப் படியுங்கள்.

எலியிலிருந்து மனுஷனுக்கு வரும் வழியில் முக்கியமான இடம் லண்டன். பிரிட்டிஷ் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவின் பெயரில் 'வைட்ஹால்' ஆய்வு என்று 1967-ல் ஆரம்பித்தார்கள். அரசு ஊழியர்களான ஆண்களை மருத்துவப் பரிசோதனை செய்து, பிறகு யார் எதனால் இறக்கிறார்கள் என்று தொடர்ந்து குறித்துக்கொண்டே வந்தார்கள். 1978-ல் மைக்கேல் மார்மட்டும் கூட்டாளிகளும் 17,530 பேரின் ஏழரை வருடக் கணக்கை வெளியிட்டார்கள். எல்லாரும் ஒரே ஊரில், ஆபீஸ் நாற்காலியில் வேலை செய்பவர்கள். பட்டினி கிடப்பவர் யாரும் இல்லை, எல்லாருக்கும் இலவச அரசு மருத்துவம்.

அதிகாரிக்குத்தான் ஹார்ட் அட்டாக் என்றால், மேல்தட்டில் சாவு அதிகம் இருந்திருக்க வேண்டும். வந்தது நேர்த் தலைகீழ். மேலேயிருந்து ஒவ்வொரு படியாக இறங்க இறங்க இதயநோய்ச் சாவு கூடிக்கொண்டே போனது. கடைசிப் படியில் இருந்தவர்களுக்கு, உச்சியில் இருந்த நிர்வாகிகளைப் போல 3.6 மடங்கு. அந்தக் கடைசிப் படியில் யார் இருந்தார்கள் என்று அட்டவணையில் பார்த்தேன். மெசஞ்சர். ஃபைல் கொண்டுபோய்க் கொடுப்பவர். நம் ஊர்ச் சொல்லில் பியூன்.

அந்த வரியைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். அன்றைக்கு மேலே படிக்கவில்லை.

கீழ்ப்படியில் புகைப்பவர்களும் அதிகம்தான், ரத்த அழுத்தமும் அதிகம்தான். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. புகையே பிடிக்காதவர்களுக்குள்ளும் அதே படிக்கட்டு தெரிந்தது. மிச்சத்துக்குக் காரணம் தேடித்தான் 1985-ல் இரண்டாவது வைட்ஹால் ஆய்வைத் தொடங்கினார்கள், இந்தமுறை பெண்களையும் சேர்த்து 10,308 பேர். ராபர்ட் கராசெக் 1979-ல் சொன்ன ஒரு யோசனையைச் சோதித்தார்கள். வேலை கடினமா என்பது பாதிக் கேள்விதான், அந்த வேலையை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பது மீதிக் கேள்வி. 1997-ல் விடை வந்தது. வேலையில் கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம். ஊழியர் தானே சொன்னதை மட்டும் நம்பாமல், மேலாளர்களும் அந்த வேலைகளைத் தனியாக மதிப்பிட்டார்கள். அப்போதும் அதே விடை.

எண்களைப் பெரிசாக்கிவிடக் கூடாது. 2012-ல் ஐரோப்பாவின் 13 ஆய்வுகளில் இருந்த கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலைப்பளு கூடுதல், கட்டுப்பாடு குறைவு என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதயநோய் ஆபத்து 23 சதவீதம் கூடுதல். உண்மையான எண்தான், ஆனால் புகையிலை செய்யும் சேதத்தின் பக்கத்தில் சிறிசு. அப்பாவைக் கொன்றதில் பீடிக்குத்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். இந்த ஆய்வுகளெல்லாம் கூட்டத்தைப் பற்றிச் சொல்பவை, ஒரு தனி ஆளின் சாவுக்குச் சான்றிதழ் தராது. ஆனாலும் ஒன்று சொல்லலாம். 'டென்ஷனே இல்லாத வேலை' என்று சொன்னார்களே, அது தப்பு.

சின்ன வயசில் லீவு நாளில் இரண்டு மூன்று தடவை அவரோடு ஆபீஸ் போயிருக்கிறேன். அதிகாரி அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல். சுவரில் காலிங் பெல். ஐயா அடித்தால் போக வேண்டும். எப்போது அடிப்பார் தெரியாது, எதற்கு அடிப்பார் தெரியாது. டீயாக இருக்கலாம், திட்டாகவும் இருக்கலாம். ஆறு மணிக்கு மேலும் ஐயா கிளம்பினால்தான் இவரும் கிளம்பலாம். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் நிம்மதியான வேலை என்றார்கள். வைஸின் இரண்டாவது எலியும் பார்வைக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அடுத்த ஷாக் வரும்வரை சும்மாதான் இருக்கும்.

இதையெல்லாம் படித்த பிறகு அன்றாட டென்ஷன் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் லாசரஸின் குழு 1981-ல் ஒரு பட்டியல் போட்டது. சாவு, விவாகரத்து மாதிரிப் பெரிய இடிகள் அதில் இல்லை. பொருளைத் தொலைப்பது, உடம்பு எடை, வீட்டுச் செலவு மாதிரி 117 சில்லறைத் தொல்லைகள். மனநலப் பாதிப்பை ஊகிக்க, பெரிய நிகழ்வுகளின் பட்டியலைவிட இந்தச் சில்லறைப் பட்டியல்தான் அதிகம் உதவியது. மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது ஆச்சரியமே இல்லை. 1842-ல் பாரிஸ் பக்கம் வெர்சாய் பாதையில் ஒரு ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து 50 பேருக்கு மேல் செத்தார்கள். நல்ல இரும்பு, தாங்கக்கூடிய சுமை, பின்னே ஏன் முறிந்தது? ஜெர்மனியில் அவுகுஸ்ட் வோலர் பல வருஷம் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஒரே தடவையில் முறிக்க முடியாத சுமையும், லட்சக்கணக்கான தடவை வந்து போனால் முறித்துவிடும். உலோகச் சோர்வு என்று நாங்கள் படித்தது இதைத்தான். உடம்பிலும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் சுமை சேர்ந்து தேய்மானமாகிறது என்று புரூஸ் மெக்கீவன் 1993-லிருந்து எழுதிவந்தார்.

ஒரே ஒரு இடத்தில் உவமை உதவாது. இரும்புக்குத் தூக்கம் கிடையாது, விரிசல் விட்டால் விட்டதுதான். உடம்பு ராத்திரியில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அதற்கு நேரம் கிடைத்தால். ஸ்வீடனில் மரியான் ஃப்ராங்கென்ஹாய்சர் என்ற உளவியலாளர் ஆட்களின் சிறுநீரில் அட்ரினலினை அளந்தே வாழ்நாளைக் கழித்தவர். மரம் அறுக்கும் மில்லில், இயந்திரத்தின் வேகத்துக்கு ஓட வேண்டிய தொழிலாளிகளுக்கு அட்ரினலின் நாள் முழுக்க ஏறிக்கொண்டே போனது, வேலை முடிந்தும் அவர்களால் ஓய முடியவில்லை. பிறகு கார் கம்பெனி மேலாளர்களை அளந்தார். சாயந்திரம் ஆண்களுக்கு அளவு இறங்கியது. அதே பதவியில் இருந்த பெண்களுக்கு இறங்கவில்லை. வீட்டில் அடுத்த ஷிஃப்ட் காத்திருந்தது. இதை என் மனைவியிடம் சொன்னேன். "இதுக்கு ஸ்வீடன்ல போய் அளக்கணுமாக்கும்" என்றாள்.

அந்தக் குழுவின் இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1976-ல் உல்ஃப் லுண்ட்பெர்க், ஸ்டாக்ஹோமுக்கு தினமும் ரயிலில் போகிறவர்களைப் பார்த்தார். முதல் ஸ்டேஷனில் ஏறுகிறவருக்குப் பயணம் நீளம், நடுவழியில் ஏறுகிறவருக்குக் குறைவு. ஆனால் அட்ரினலின் அதிகம் இருந்தது நடுவழியில் ஏறியவர்களுக்கு. முதல் ஸ்டேஷன்காரருக்கு எந்த சீட், ஜன்னலா, யார் பக்கத்தில் என்று எல்லாம் அவர் இஷ்டம். தாம்பரத்தில் ஏறுகிறவருக்கும் கிண்டியில் ஏறுகிறவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் மூச்சுப் பயிற்சி வீணா? இல்லை. எட்மண்ட் ஜேகப்சன் 1929-லேயே, ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தினால் மனசின் இறுக்கமும் தளர்கிறது என்று எழுதினார். ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன் தியானம் செய்பவர்களை அளந்து பார்த்து, இதயத்துடிப்பும் மூச்சும் இறங்குவதைக் காட்டி 1975-ல் புத்தகம் போட்டார். நீளமாக மூச்சை விட்டால் இதயம் நிதானமாகிறது, நானே வாட்ச்சில் பார்த்தேன். இப்போதும் தினமும் பத்து நிமிஷம் செய்கிறேன். ஆனால் இவையெல்லாம் திரிபின் பக்கம் செய்யும் வைத்தியம். தகைவு அப்படியே இருக்கிறது. ஒரு பாலம் ஆடினால், பாலத்தைப் பார்த்து நன்றாக மூச்சு விடு என்று எந்த சிவில் இஞ்சினியரும் சொல்ல மாட்டார். லாரியைக் குறைப்பார், இல்லை தூண் போடுவார்.

எங்கள் டீமில் ராத்திரி போன் எடுக்கும் முறைப்பட்டியலை இதுவரை நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்டதில்லை, வெள்ளிக்கிழமை சாயந்திரம் மெயிலில் போய்விழும். அடிக்கிற பெல்லுக்கு ஓடும் ஸ்டூலை நானே பதினோரு பேருக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். போன வாரம் பட்டியலைக் காலியாக அனுப்பி, அவர்களே நிரப்பிக்கொள்ளச் சொன்னேன், ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே. கூடவே, ராத்திரியில் அலாரம் அடிக்கும் 40 எச்சரிக்கைகளை உட்கார்ந்து பார்த்தோம். 26-ஐக் காலை வரை தள்ளிப்போட்டாலும் ஒன்றும் ஆகாது. மாற்றிவிட்டோம். பின்வரிசைப் பையன் தீபாவளி வாரத்தைத் தானே எடுத்துக்கொண்டான், பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமாம். நானாகப் போட்டிருந்தால் இரண்டையும் மாற்றித்தான் போட்டிருப்பேன்.